ஃபேர்வே வுட்டைத் தேர்ந்தெடுத்தலும் ஷாஃப்டைப் பொருத்தலும்

டிரைவரை டீயில் வைத்து அடிக்கிறோம். ஐயனைப் புல்லிலிருந்து அடிக்கிறோம். ஃபேர்வே வுட் இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும். ஷாஃப்ட் நீளம், முகத்தின் சாய்வு குறைவு, பந்துக்கு அடியில் டீயும் இல்லை. அதனால்தான் பையில் உள்ள கிளப்புகளிலேயே இதைத் தவறாக வாங்குபவர்கள் அதிகம்.

கடையில் ரப்பர் பாய் மீது வலைக்குள் அடித்துப் பார்த்து முடிவெடுப்பது முதல் காரணம். பந்துக்கு முன்னால் தரையைத் தொட்டுவிட்டாலும் பாய் மீது தலை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். புல்லில் அதே அடி மண்ணைத் தோண்டும். வரிசை தெரியாமல் வாங்குவது இரண்டாவது காரணம். பலர் முதலில் பிராண்டைப் பார்க்கிறார்கள், பிறகு ‘ஸ்டிஃப்’ ஷாஃப்ட் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், லாஃப்டை, அதாவது முகத்தின் சாய்வுக் கோணத்தை, கடைசியில் கவனிக்கிறார்கள். சரியான வரிசை இது: லாஃப்ட், தலையின் வடிவம், நீளம், ஷாஃப்டின் எடை, அதற்கும் பிறகுதான் ஃப்ளெக்ஸ், அதாவது ஷாஃப்ட் வளையும் தன்மை. இந்த அத்தியாயமும் அதே வரிசையில் போகிறது. இங்கே சொல்லும் திசைகள் எல்லாம் வலது கைக்காரருக்கு. இடது கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பையை அளந்துகொள்ளுங்கள்

1. டிரைவரில் உங்கள் கேரி எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பந்து காற்றில் கடந்து முதன்முதலாகத் தரையைத் தொடும் வரையான தூரம்தான் கேரி. உருண்டு போனதைச் சேர்க்காதீர்கள்.

2. நம்பி அடிக்கக்கூடிய மிக நீளமான ஐயனோ ஹைபிரிடோ எது? பத்தில் ஏழு பந்தாவது ஒழுங்காக எழும்ப வேண்டும். அதன் கேரியையும் குறியுங்கள்.

3. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். டிரைவர் 200 யார்டு, 5-ஐயன் 145 யார்டு என்றால் நடுவில் 55 யார்டு காலியாக இருக்கிறது. அதை இரண்டு அல்லது மூன்று கிளப்புகளால் நிரப்ப வேண்டும்.

4. பையில் 14 கிளப்புக்கு மேல் வைக்க விதி இடம் தராது. புதிதாக ஒன்று வந்தால் எது வெளியே போகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

குறிப்பு: பயிற்சி மைதானத்துப் பந்துகள் தேய்ந்தவை, பல நேரம் தூரம் குறைவாகவே போகும். ஒரு கிளப்பை இன்னொன்றோடு ஒப்பிட அவை போதும். உண்மையான தூரம் வேண்டுமானால் நீங்கள் ஆடும் பந்தைக் கொண்டு மைதானத்தில் அளந்து பாருங்கள்.

லாஃப்ட்: 3-வுட் கட்டாயமில்லை

பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் இவை:

3-வுட்: சுமார் 15 டிகிரி, 43 அங்குல நீளம்
5-வுட்: சுமார் 18 டிகிரி, 42 முதல் 42.5 அங்குலம்
7-வுட்: சுமார் 21 டிகிரி, 41.5 முதல் 42 அங்குலம்
9-வுட்: சுமார் 24 டிகிரி, இன்னும் சற்றுக் குட்டை

நடுவில் 16.5 அல்லது 17 டிகிரியில் 4-வுட் உண்டு. 13.5 டிகிரியில் ‘ஸ்ட்ராங்’ 3-வுட்டும் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும். எனவே அடியில் பொறித்த எண்ணை விட்டுவிட்டு டிகிரியைக் கேட்டு வாங்குங்கள்.

குறைந்த லாஃப்டில் பந்து எழும்ப வேகம் வேண்டும். அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் சராசரி என்று ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்ட பழைய அட்டவணை ஒன்றில் 3-வுட்டின் கேரி 243 யார்டு, 5-வுட்டின் கேரி 230 யார்டு. அவ்வளவு வேகமாக அடிப்பவர்களுக்கே வித்தியாசம் 13 யார்டுதான். வேகம் குறையக் குறைய இந்த வித்தியாசம் சுருங்கும். ஒரு கட்டத்தில் 3-வுட் பந்து தாழ்வாகப் போய் முன்னதாகவே விழ, 5-வுட் அதைத் தாண்டிப் போய் நிற்கும்.

என் தீர்மானமான கருத்து: டிரைவரில் 200 யார்டு கேரி வராதவர்கள் 3-வுட்டை விட்டுவிட்டு 5-வுட்டில் தொடங்க வேண்டும். அடுத்து வாங்குவது 7-வுட்டாக இருக்கட்டும். 7-வுட் முதியவர்களுக்கானது என்று தயங்கத் தேவையில்லை. 2020-இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற டஸ்டின் ஜான்சனின் பையில் 7-வுட் இருந்தது. 1935-இல் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்தின் 15-வது குழியில் ஜீன் சாரசென் இரண்டாவது அடியிலேயே பந்தைக் குழிக்குள் அனுப்பினார், அதுவும் 4-வுட்டால்தான்.

இரண்டு லாஃப்டுகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியவில்லையா? இதைச் செய்யுங்கள்:

1. புல் தரையில், டீ இல்லாமல், இரண்டையும் மாற்றி மாற்றி அடியுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து.

2. மோசமான அடிகளையும் கணக்கில் சேருங்கள். டாப் ஆகி, அதாவது பந்தின் மேல்பகுதியில் பட்டு, 60 யார்டு உருண்டதும் ஒரு அடிதான்.

3. சராசரி எடுங்கள். லாஃப்ட் குறைந்த கிளப் குறைந்தது 10 யார்டாவது முந்தவில்லை என்றால் அதை வாங்காதீர்கள்.

மிக நன்றாகப் போன ஒரே ஒரு அடியை வைத்து வாங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சராசரி அடி.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை மைதானங்களில் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து தூரம் போகும். ஆனால் பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் அதே காரணத்தால் குறையும். மெதுவாக அடிப்பவரின் 3-வுட் அங்கே இன்னும் தாழ்வாகப் பறக்கும். சென்னையில் அளந்த கேரியை அங்கே அப்படியே நம்பாதீர்கள். லாஃப்டைக் கூடுதலாக எடுத்துக்கொள்வது மலையிலும் நல்லதுதான்.

தலையின் வடிவம்

கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். தரையில் அமர்ந்திருக்கும் பந்தின் நடுக்கோடு சுமார் 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். தலையின் கனம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் பந்து தானாக எழும்பும். முகம் உயரமாக உள்ள தலை டீயிலிருந்து அடிக்க நன்றாக இருக்கும். வெறும் தரையில் உங்களைத் திணறடிக்கும். முகம் தாழ்வாக, பின்பக்கம் அகலமாக உள்ள தலை புல்லிலிருந்து எளிதில் எழுப்பும். உங்கள் ஃபேர்வே வுட் அடிகளில் பாதிக்கு மேல் டீயிலிருந்துதான் என்றால் முதல் வகை. மற்ற எல்லோருக்கும் இரண்டாவது வகை.

ஹோசலில், அதாவது ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் கழுத்தில், லாஃப்டை மாற்றும் வசதி இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: லாஃப்டைக் கூட்டினால் முகம் இடதுபக்கம் மூடும், குறைத்தால் வலதுபக்கம் திறக்கும். ஸ்லைஸ், அதாவது வலதுபக்கம் வளையும் பந்து, அடிப்பவர் தூரத்துக்கு ஆசைப்பட்டு லாஃப்டைக் குறைத்தால் ஸ்லைஸ் இன்னும் கூடும். ரவுண்டு தொடங்கிய பிறகு ஹோசல் அமைப்பைத் திருகி மாற்றி அடிப்பது விதிமீறல், தகுதியிழப்பு வரை போகும்.

நீளம்

முகத்தில் எங்கே படுகிறது என்று தெரியாமல் நீளத்தைத் தீர்மானிக்க முடியாது. பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை முகத்தில் லேசாக அடித்துக்கொள்ளுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும்.

1. கிளப்பை வழக்கம்போலப் பிடித்து ஐந்தாறு பந்து அடியுங்கள். அடையாளங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பாருங்கள்.

2. முகத்தைத் துடைத்து, மறுபடி ஸ்ப்ரே அடித்து, கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே பிடித்து அடியுங்கள்.

3. அடையாளங்கள் நடுவில் சேர்ந்து, தூரமும் குறையவில்லை என்றால் கிளப் உங்களுக்கு நீளம். அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை குறைக்கலாம்.

நீளத்தைக் குறைத்தால் தலையின் கனம் கைக்குக் குறைவாகத் தெரியும். இந்த உணர்வை அளக்கும் எண்தான் ஸ்விங் வெயிட். அரை அங்குலம் குறைத்தால் அது ஏறக்குறைய மூன்று புள்ளி இறங்கும். தலையில் 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி ஏறும். ஆகவே அரை அங்குலம் வெட்டியவர் 6 கிராம் ஈய டேப் ஒட்டினால் பழைய உணர்வு திரும்பும். கடைகளில் வரும் கிளப்புகளின் ஸ்விங் வெயிட் பெரும்பாலும் டி0 முதல் டி2 வரை இருக்கும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

ஷாஃப்ட்: எடையை முதலில் பாருங்கள்

ஷாஃப்ட் என்றதும் எல்லோரும் ஃப்ளெக்ஸைப் பேசுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எடை. எடை தவறாக இருந்தால் சரியான ஃப்ளெக்ஸ் கூட உங்களைக் காப்பாற்றாது.

டிரைவரிலிருந்து குட்டையான கிளப்புகளை நோக்கிப் போகப் போக ஷாஃப்டின் எடை படிப்படியாகக் கூட வேண்டும். டிரைவரில் இருப்பதைவிட ஃபேர்வே வுட்டில் 10 கிராம் அளவு கூடுதலாக இருக்கட்டும் என்பது நல்ல தொடக்கக் கணக்கு. டிரைவரில் 50 கிராம் ஷாஃப்ட் இருந்தால் ஃபேர்வேக்கு 60 கிராம். 60 என்றால் 70. ஹைபிரிடில் இன்னும் கொஞ்சம் கூடும், ஐயனில் அதற்கும் மேல். ஃபேர்வே வுட்டுக்கு 50 முதல் 80 கிராம் வரை கார்பன் ஷாஃப்ட்கள் கிடைப்பதால் உங்கள் படி பெரும்பாலும் அதற்குள் இருக்கும்.

இந்த வரிசை ஏன் முக்கியம்? 100 கிராமுக்கு மேலான எஃகு ஷாஃப்ட் உள்ள ஐயன்களை அடித்துப் பழகிய கை, திடீரென்று 50 கிராம் ஷாஃப்ட் உள்ள வுட்டை எடுத்தால் அவசரப்படும். மேலிருந்து இறங்கும்போது கை முந்திக்கொள்ளும். பந்து முகத்தில் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் படும். ஆடுபவர் தன் ஸ்விங்கைக் குறைசொல்லிக்கொண்டே இருப்பார்.

எடை பொருந்தவில்லை என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

மிகவும் லேசு என்றால் அடையாளங்கள் முகம் முழுக்கச் சிதறும், இடதுபக்கம் இழுத்த அடிகள் கூடும், நிதானம் கெடும்.

மிகவும் கனம் என்றால் முதல் ஒன்பது குழியில் நன்றாகப் போனது பின்பகுதியில் தாழ்ந்து வலப்பக்கம் விலகும். ஆரம்பத்தில் பத்துப் பந்து அடித்தால் இது தெரியாது. நாற்பது, ஐம்பது பந்து அடித்துக் களைத்த பிறகு சோதித்துப் பாருங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய டிரைவர் ஷாஃப்டைக் கழற்றி 3-வுட்டில் போடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. வேண்டாம். அது லேசானது. நுனியை வெட்டாமல் மேல்பக்கத்தை மட்டும் வெட்டிப் பொருத்தினால், கனம் கூடிய ஃபேர்வே தலைக்கு அது தளர்வாகவும் இருக்கும்.

ஃப்ளெக்ஸ்

டிரைவர் வேகத்தை வைத்துத் தொடங்குங்கள்:

மணிக்கு 75 மைலுக்குக் கீழ்: எல்
75 முதல் 85 வரை: ஏ, அதாவது சீனியர்
85 முதல் 95 வரை: ஆர்
95 முதல் 105 வரை: எஸ்
அதற்கு மேல்: எக்ஸ்

வேகத்தை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் இல்லாதவர்கள், டிரைவர் கேரி 200 யார்டு அளவில் இருந்தால் வேகம் 90 மைலை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எழுத்துகளுக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். எழுத்தைத் தொடக்கமாக மட்டும் வைத்து, பந்து போகும் பாதையைப் பார்த்து முடிவெடுங்கள். நடுவில் பட்ட அடிகளும் தாழ்வாக, வலதுபக்கமே போனால் ஒரு படி தளர்த்திப் பாருங்கள். தேவைக்கு மேல் உயர்ந்து இடதுபக்கம் வளைந்தால் ஒரு படி விறைப்பாக்குங்கள். மேலிருந்து வெடுக்கென்று இறக்குபவருக்கு அட்டவணை சொல்வதைவிட விறைப்பும், நிதானமாக இறக்குபவருக்கு அதைவிடத் தளர்வும் பொருந்தும்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் தளர்வான பக்கம் சாயலாம். டீ இல்லாமல் பந்தை எழுப்ப வேண்டிய கிளப் இது. உயரம் தரும் எந்த உதவியும் இங்கே லாபம்.

டார்க், வளையும் இடம் என்று விளம்பரங்களில் வரும் மற்ற எண்களுக்கு இவ்வளவு போதும். டார்க் என்பது ஷாஃப்ட் முறுக்கும் அளவு. எண் கூடினால் கைக்கு மென்மை, குறைந்தால் இறுக்கம். வளையும் இடம் தாழ்வாக இருந்தால் பந்து கொஞ்சம் உயரும். எடையும் ஃப்ளெக்ஸும் சரியான பிறகு மீதமிருக்கும் சின்னத் திருத்தம்தான் இவை.

பழைய கிளப் வாங்குவதானால்

தலையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் உருளக் கூடாது. முகத்தில் நகத்தை ஓட்டினால், விரிசல் இருந்தால் தட்டுப்படும். ஹோசலுக்கும் அதன் மேலுள்ள கறுப்பு வளையத்துக்கும், அதாவது ஃபெரூலுக்கும், நடுவில் இடைவெளி தெரிந்தால் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்ட் நெடுக விரலை ஓட்டுங்கள். பெயின்ட் கீறல் பரவாயில்லை. நார் பிரிந்திருந்தால் வாங்காதீர்கள், ஒரு முறை கூட வீசிப் பார்க்காதீர்கள். முறிந்த கார்பன் ஷாஃப்டின் முனை கையைக் கிழிக்கும், கழன்ற தலை எதிரில் நிற்பவரை வீழ்த்தும்.

நீங்களே பொருத்த

ஸ்லீவ், அதாவது ஷாஃப்ட் நுனியில் ஒட்டித் தலையோடு திருகி இணைக்கும் குழல், உள்ள கிளப்பாக இருந்தால் வேலை எளிது. ஷாஃப்டில் ஏற்கெனவே அதே நிறுவனத்தின், அதே தலைமுறையின் ஸ்லீவ் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஸ்லீவ் இன்னொன்றில் உட்காராது. கிளப்போடு வந்த டார்க் சாவியால், ‘கிளிக்’ என்று சத்தம் வரும் வரை திருகினால் முடிந்தது.

ஒட்டும் வகை என்றால் பொறுமை வேண்டும். காற்றோட்டமான இடம், பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம், ரப்பர் கையுறை நான்கும் இல்லாமல் தொடங்காதீர்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது.

1. அளவைச் சரிபார்க்கவும். வுட் ஷாஃப்ட்களின் நுனி பெரும்பாலும் 0.335 அங்குலம். ஹைபிரிட் ஷாஃப்ட்களில் 0.370 வரும். ஹோசல் துளையைக் காலிப்பரால் அளந்து பாருங்கள்.

2. பழையதைக் கழற்றவும். ஹீட் கன்னால் ஹோசலை மட்டும் சுற்றிலும் சூடாக்குங்கள். கார்பன் மூடி உள்ள தலை என்றால் அதன் மேல் ஈரத்துணியைச் சுற்றுங்கள். அடுப்புத் தீயிலோ மெழுகுவர்த்தியிலோ காட்டவே கூடாது. ஷாஃப்டை மறுபடி பயன்படுத்துவதானால் முறுக்காமல் நேராக இழுங்கள், முறுக்கினால் நார் பிளந்துவிடும். இழுக்கும் கருவி இல்லாதவர்கள் இந்த ஒரு படியைக் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது.

3. நுனியை வெட்டவும். தயாரிப்பாளரின் அட்டவணையில் 3-வுட்டுக்கு எவ்வளவு, 5-வுட்டுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். 3-வுட்டுக்கு அரை அங்குலம், 5-வுட்டுக்கு ஒரு அங்குலம் என்பது அடிக்கடி வரும் அளவு. ஆனாலும் உங்கள் ஷாஃப்டின் அட்டவணையே கணக்கு. வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, நுண்பல் ரம்பத்தால், ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே வெட்டுங்கள். நுனியில் அதிகம் வெட்டிவிட்டால் திருத்த வழியே கிடையாது.

4. பரப்பைத் தயார் செய்யவும். ஹோசலின் ஆழத்துக்கு மட்டும் நுனியின் பெயின்ட்டை உப்புத்தாளால் எடுங்கள். நார் தெரிந்ததும் நிறுத்துங்கள். துளையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள்.

5. பசையில்லாமல் ஒரு முறை சேர்த்துப் பார்க்கவும். ஃபெரூல், தலை, கிரிப் எல்லாம் வைத்து நீளத்தை அளந்து, மேல்பக்கம் வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்து வெட்டுங்கள். ஸ்விங் வெயிட் பார்ப்பதும் இப்போதுதான்.

6. ஒட்டவும். கோல்ஃப் கிளப்புக்கான இரு பகுதி எபாக்ஸியைச் சொன்ன விகிதத்தில் கலந்து, துளையின் உள்ளேயும் நுனியின் மேலும் தடவி, சுழற்றியபடி அடி வரை செருகுங்கள். வழிந்ததைத் துடைத்து, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சீக்கிரம் காயும் ஐந்து நிமிடப் பசை இதற்கு உதவாது.

7. கிரிப் மாட்டவும். இருபக்க டேப் ஒட்டி, கிரிப் கரைப்பான் ஊற்றி மாட்டலாம். பெட்ரோல் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஹீட் கன் இருக்கும் அறையில் அதைச் செய்யவே கூடாது.

மறுநாள் மைதானத்தில் உங்கள் முன்னாலும் பக்கத்திலும் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். முதலில் அரை வேகத்தில் பத்து அடி. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஃபெரூலைப் பாருங்கள். அது மேலே நகர்ந்திருந்தாலோ, தலை நூலளவு திரும்பியிருந்தாலோ அன்று அந்த கிளப்பை அடிக்காதீர்கள், கழற்றி மறுபடி ஒட்டுங்கள். எல்லாம் அசையாமல் இருந்தால் முழு வேகத்துக்குப் போகலாம். வெயில் காலத்தில் காரின் டிக்கியில் மட்டும் பையை நாள்கணக்கில் விட்டு வைக்காதீர்கள். மூடிய வண்டியின் சூடு எபாக்ஸியைத் தளர்த்தும்.